பதில் வரும்வரை

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. தேனிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் "எப்ப வந்தீக?" என்று அம்மா கேட்பாள். "காலையில வந்திருப்பாக" என்று அப்பா சொல்வார். "மொகத்தப் பார்த்தா நேத்தே வந்த மாதிரில்ல இருக்கு" என்று சித்தி முடித்துவைப்பாள். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்தச் சந்தைக்கடையில் வளர்ந்த எனக்கு, அவரோடு வேலை பார்த்த முதல் வாரம் கிறுக்குப் பிடிக்காத குறை.

மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. வீடியோ கேம் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தையெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். கீழே தகடு அடிக்கும் பட்டறை, மாடியில் நாங்கள். கீழே தகடு அழுத்துகிற பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேலே டீ டம்ளர் அதிரும். அவர் அங்கே புரோகிராம் எழுதுகிறவர். நான், விளையாடுகிறவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, கெட்ட வார்த்தைகளைத் துடைத்து, உருப்படியானதை மேலே அனுப்புகிறவள். என் வேலைக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னபோது "அப்ப டீச்சர் மாதிரியா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் "நல்ல வேலைதான்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

எங்கள் விளையாட்டில் வெட்டுக்குத்து கிடையாது. ஒரு தெரு. அதில் ஆளுக்கொரு கடை. நீங்கள் பூக்கடை வைத்தால், பக்கத்தில் வடைக்கடை வைத்திருப்பவர் நிஜமாகவே எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கும் இன்னோர் ஆள். ஒருவர் கடைக்கு ஒருவர் போகலாம், வாங்கலாம், நின்று நாலு வார்த்தை பேசலாம். அவ்வளவுதான். விளையாடுகிறவர்கள் அதைத் 'தெரு' என்றே சொல்வார்கள். "நேத்து தெருப் பக்கம் காணோமே?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். பெரிய கூட்டமில்லை. வந்தால் போகாத கூட்டம்.

இந்தக் கூட்டத்தோடு கம்பெனியிலிருந்து யாராவது கேமரா முன்னால் உட்கார்ந்து நேரலையில் பேச வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. எல்லாக் கம்பெனியும் செய்கிறதாம். படம் வரைகிறவர் தொண்டை சரியில்லை என்றார். இசை போடுகிறவர் தன் முகம் கேமராவுக்கு ஆகாது என்றார். புரோகிராம் எழுதுகிற இவர்தான் நழுவத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார், சிக்கிக்கொண்டார். நாற்பதைத் தொட்ட வயது, கட்டம் போட்ட சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். ஆவடியில் பிறந்து அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தவர். முதல் சனிக்கிழமை கேமராவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம், "வணக்கம், எல்லாரும் நல்லா கீறீங்களா?" அன்றைக்கே அவருக்கு 'அண்ணாத்தே' என்று பெயர் விழுந்துவிட்டது. நானும் இங்கே வேறு பெயர் சொல்லப்போவதில்லை.

நேரலையில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே பேசுவது பார்ப்பவர்களின் போனுக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவர்கள் கேட்டு, யோசித்து, கட்டைவிரலால் தட்டி அனுப்ப இன்னும் கொஞ்சம். ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் அந்த இடைவெளியை எதையாவது போட்டு அடைத்துவிடுவார்கள். பாட்டுப் போடுவார்கள், தாங்களே சிரிப்பார்கள், கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள்.

இவர் காத்திருப்பார். "எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, கேமராவையே பார்த்தபடி சும்மா இருப்பார். அசைய மாட்டார். முதல் நாள் பாதிப் பேர் போன் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். "ஹேங் ஆயிடுச்சா?" என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்துவிட்டு இவர் கண்ணைச் சிமிட்டினார். "இல்ல நைனா. உனக்கோசரம்தான் வெயிட் பண்ணிக்கினு கீறேன்."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனை எவன் பார்ப்பான் என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் ஈரோட்டுக்காரர், பயந்த சுபாவம், யாருக்கும் கெட்டது நினைக்காதவர். "ஏனுங்க, கொஞ்சம் எதாச்சும் பேசிட்டே இருக்கலாமுங்களே?" என்று இவரிடம் பக்குவமாகச் சொன்னார்.

"நான் பேசிக்கினே கீறேன்னு வை சார். அப்ப அவங்க எங்க பேசுவாங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் கடைசியில் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிறகு அவர்கள் எழுதுவதைப் படிக்கப் படிக்கப் புரிந்தது. வீட்டில் யாரும் அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை.

பூக்கடை வைத்திருந்த ஓர் அம்மா இருந்தார். நிஜத்தில் எந்த ஊர், என்ன வயசு, எதுவும் தெரியாது. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறவர் என்பது மட்டும் தெரியும். பாதி வாக்கியத்தை அனுப்பிவிட்டு மீதியைத் தேடிக்கொண்டிருப்பார். "அண்ணாத்தே உங்க" என்று வரும். இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அதற்குள் இருபது பேர் எதையெதையோ எழுதித் தள்ளுவார்கள். "இருங்கப்பா, பூக்கடைக்காரம்மா டைப் பண்ணுது" என்பார். அத்தனை பேரும் கையை நிறுத்துவார்கள். ஒரு சாயங்காலம், தெரு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு அந்த அம்மாவின் மீதி வாக்கியத்துக்காகக் காத்துக்கிடந்தது. கடைசியில் "ஏரியால மழையா" என்று வந்தது. "ஆமாம்மா, பட்டாபிராம்ல நல்ல மழ. உங்கூர்ல?" என்று கேட்டுவிட்டு இவர் மறுபடியும் காத்திருக்க ஆரம்பித்தார். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம்போல இருந்தது.

விளையாட்டைப் பற்றிக் கேட்டால் அவரிடம் மூன்றே பதில்கள். வரும், வராது, தெர்ல. 'விரைவில்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவைக்க முதலாளி தலைகீழாக நின்று பார்த்தார், நடக்கவில்லை. "தெருவில மழை பெய்யுமா?" என்று ஒரு பையன் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குள் மழை வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "தெர்லபா. எழுதிக்கினு கீறேன். மழ வந்தா கடைக்கு மேல தார்ப்பாய் போடணும், அது ஒக்கார மாட்டேங்குது" என்பார். அந்தப் பையன் கோபித்துக்கொண்டதே இல்லை. தெரியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் மனிதர்களுக்குக் கோபம் வருவதில்லை போலிருக்கிறது.

கேமரா முன்னால் மட்டும் இருந்த பழக்கமென்றால் அதைத் தொழில் என்று விட்டிருப்பேன். வெளியிலும் அவர் அப்படித்தான். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் டிரைவரிடம் "இன்னா நைனா, நல்லா கீறியா?" என்பார். எல்லோரும் கேட்கிறதுதான், யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத கேள்விதான். இவர் கண்ணாடியில் தெரியும் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். டிரைவர் முதலில் முறைப்பார். அப்புறம் கழுத்தைத் திருப்புவார். பட்டரவாக்கம் ஸ்டேஷன் வருவதற்குள் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைக்காத கதை முழுக்க வந்து இறங்கிவிடும். ஒருமுறை இரண்டு பேரும் பேச்சு சுவாரசியத்தில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் வாய் வலிக்கக் கத்தி நிறுத்தினேன்.

என் ஹாஸ்டல் அம்பத்தூரில். அடுத்த ஸ்டேஷன்தான். அதனால் பல நாள் ஒரே பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றிருக்கிறோம். அப்படி ஒரு நாள், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் வாய்த்துடுக்காகக் கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா ஒருவாட்டி இட்டுக்கினு போச்சும்மா. திருநின்றவூர்ல. பொண்ணு வந்து ஒக்காந்துச்சு. 'இந்த ஏற்பாடு உனக்கு இஷ்டமா?'ன்னு நான் கேட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"பின்ன? அதோட அத்த ஒண்ணு, 'அவளுக்கு இன்னா, நாங்க சொன்னா சரிம்பா'ன்னுச்சு. அந்தப் பொண்ணையே பாத்துக்கினு ஒக்காந்துங்கீறேன். எங்கக்கா கால மிதிக்குது. கேசரி ஆறிப்போச்சு. கடேசில அது தலைய நிமித்தி, 'இல்லீங்க, எனக்கு இஷ்டமில்ல'ன்னுச்சு."

"ஐயய்யோ. கஷ்டமா இல்லையாண்ணே?"

"இன்னா கஷ்டம்? அத்தினி பேர் நடுவுல பதில் சொல்லிச்சேம்மா" என்றார். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம். கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கப்புறம் அக்கா எங்கியும் இட்டுக்கினு போகல" என்றார்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். பெரிய கம்பெனி, கண்ணாடிக் கட்டடம்தான். அங்கே நேரலை நடத்துகிறவன் கெட்டிக்காரன். மூச்சுவிடாமல் பேசுவான், ஒரு நொடி திரை சும்மா இருக்காது. பார்க்கிறவர்கள் கேள்வி கேட்டால் அதைப் படித்து, சிரித்து, "சூப்பர் கேள்வி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணாத்தே ஞாபகம் வரும். கேட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்குப் பிடிக்காமல் இருந்த பழக்கம், இப்போது அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு அது பிடித்துப்போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டில் கொடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டாபிராமில் ரயில் பாதையை ஒட்டி மாடியில் ஒரே அறை. அம்மா இறந்தபிறகு தனியாகத்தான் இருந்தார். ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவது தெரிந்தது. மற்றதில் கடையில் ஒட்டிய சீட்டுகூட உரிக்கப்படாமல் இருந்தது. அதை எனக்கு இழுத்துப் போட்டார்.

"இந்த ஊரு உனக்கு செட்டாச்சாம்மா?"

"ஆச்சுண்ணே" என்றேன்.

அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அரக்கோணம் போகிற வண்டி ஒன்று ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை நான் தாக்குப்பிடித்தேன். அப்புறம் முடியவில்லை. ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருக்கிறவளுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது என்பதைச் சொன்னேன். அம்மா தினமும் போன் பண்ணுகிறாள், தினமும் அவளே பேசிவிட்டு வைத்துவிடுகிறாள் என்று சொன்னேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்பதில்லை என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. நான் முடிக்கும்வரை இருந்தார். முடித்ததும் எழுந்து டீ போட்டார். காய்ச்சல்காரர் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தவள் நான். அன்றைக்குத் திரும்பி வரும்போது, ஊரிலிருந்து வந்தபிறகு முதன்முறையாக, மனசு லேசாக இருந்தது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் தெருவை மூடுவது என்று முதலாளி முடிவு செய்தார். சர்வர் வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. வேறு ஒரு கம்பெனிக்கு ஏதோ சீட்டாட்டம் செய்துகொடுக்க ஒப்பந்தம் வந்திருந்தது. விளையாட்டுக்குள் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டு, நாள் வந்ததும் நிறுத்திவிடலாம் என்றார்கள். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினோம். அண்ணாத்தே மட்டும் ஆட்டவில்லை.

"நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறதுக்கு நான் இன்னா ஊடு காலி பண்ணச் சொல்றவனா சார்? நான் சொல்றேன். லைவ்ல. அவங்க இன்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டுதான் எயுந்து வருவேன்."

"திட்டுவாங்களே" என்றார் முதலாளி.

"திட்டட்டும். அத்த கேக்கணும் சார் எனக்கு."

அவர் அதற்குமுன் அந்தக் கம்பெனியில் எதையும் கேட்டதில்லை. சம்பளம்கூட உயர்த்திக் கேட்டதில்லை என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதனால் முதலாளியும் சரி என்றுவிட்டார். அன்று சாயங்காலம் ரயிலுக்கு நிற்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "ஒரே ஒரு பதில் போதும்மா. கோவமோ, அழுவையோ. அதுவும் இல்லன்னா இத்தினி நாள் நான் யார்கூட பேசிக்கினு கெடந்தேன்?"

அந்தச் சனிக்கிழமை மேனேஜர் தன் அறையையே காலி செய்து கொடுத்தார். புது லேப்டாப், புது விளக்கு, எல்லாம் அவரே தயார் செய்துவைத்திருந்தார். திரையில் வழக்கம்போல 'சற்று நேரத்தில்' என்ற அட்டை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்கள் எழுதுவது வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தது. "இன்னிக்குத் தெருவுல மழை விடப்போறாங்க பாருங்க" என்று ஒருவர். "வடை சூடா இருக்கு, எல்லாரும் கடைக்கு வாங்க" என்று இன்னொருவர். பொம்மைச் சிரிப்புகள், பொம்மை இதயங்கள். எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

அண்ணாத்தே வந்து உட்கார்ந்தார். அட்டையை எடுத்தார். "எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் சொல்லும் தைரியம் போய்விடும் என்று நினைத்திருப்பார்.

"ஒரு விஷயம் சொல்லணும். நம்ம தெருவ மூடப் போறாங்க. மூடப் போறோம். நானும்தான். நெறைய பேரு நெறைய நாள் கட்டுன கடை. அத்தினியும் போயிடும். எனக்கு வேற வய்யி தெர்ல. கோவம் இருந்தா திட்டுங்க. நான் இங்கதான் கீறேன்."

கையை மேசைமேல் வைத்தார். காத்திருந்தார்.

வரிசை மேலேறியது. "வடை காலி ஆகப்போகுது" என்று வந்தது. அதற்குக் கீழே ஐந்தாறு சிரிப்பு. "மழை மழை மழை" என்று அந்தப் பையன். "எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒருவர். லேட்டாக வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். யாரோ பெரிதாக ஓர் இதயம் அனுப்பினார்கள்.

அவர் அதையெல்லாம் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கீழே பிரஸ் இறங்கியது, மேசை அதிர்ந்தது.

"கேட்டுச்சா?" என்றார் கேமராவைப் பார்த்து. மறுபடி காத்திருந்தார். வழக்கமாகக் காத்திருப்பதைவிட நெடுநேரம். "நான் ரெண்டு வடை எடுத்துக்கிட்டேன்" என்று வந்தது. மறுபடியும் சிரிப்பு. அவர் காத்திருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காத்திருப்பதை நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முகத்தில் கோபமில்லை. கடை மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்புகிறவர் முகம்தான் இருந்தது.

"சரி. நல்லா இருங்க எல்லாரும்" என்று சொல்லி நேரலையை முடித்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "முட்ஞ்சிச்சு சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது, நேரலையைத் திறந்துவிட்டுப் பார்க்காமலே நான் கையில் பிடித்திருந்த போன் பேசியது. "எல்லாரும் நல்லா கீறீங்களா?"

போனில் அவர் இருந்தார். அட்டை விலகி, அப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். மேனேஜரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"லைவ் வெளிய போறதுக்கு அஞ்சு நிமிஷம் தாமதம் போட்டு வச்சிருந்தேனுங்க" என்றார். "கோவத்துல கம்பெனியப் பத்தி எசகுபிசகா எதாச்சும் பேசிப்போட்டா, வெளிய போறதுக்குள்ள நிறுத்திக்கலாம்னு. அவருகிட்ட சொன்னா சங்கடப்படுவாருன்னு சொல்லல. எப்பவும்போலக் காத்துட்டே இருப்பாரு, அதுக்குள்ள அவங்களுக்குப் போய்ச் சேந்துரும்னு இருந்துட்டேனுங்க. இத்தன சீக்கிரம் முடிப்பாருன்னு நெனைக்கலீங்க."

அண்ணாத்தே பேசியது எதுவும் அதுவரை யாரையும் எட்டவேயில்லை. வடைக்குச் சிரித்தவர்கள் வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டு சிரித்தவர்கள். இப்போதுதான் அவர் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தார். போனில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், "நம்ம தெருவ மூடப் போறாங்க." சிரிப்புகள் சட்டென்று நின்றன. பிறகு கொட்ட ஆரம்பித்தது. "என்ன சொல்றீங்க?" "விளையாடாதீங்க அண்ணாத்தே." "எல்லாக் கம்பெனியும் கடைசில இதைத்தான் பண்ணுவீங்க." "என் கடை?" போனில் அவர் கையை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். "கேட்டுச்சா?" என்றார் அவர். "கேட்டுச்சு." "கேட்டுச்சு அண்ணாத்தே." "அப்படிப் பார்க்காதீங்க, இருக்கோம்." மேலிருந்து கீழ்வரை அதுவே. அவர் "நல்லா இருங்க எல்லாரும்" என்றபோது "போகாதீங்க" என்று அத்தனை பேரும் எழுதினார்கள். படம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் எழுதுகிற பெட்டி தானாக மூடிக்கொண்டது.

அவர் போனுக்கு அடித்தேன், அணைத்திருந்தார். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடி, கிடைத்த ஆட்டோவில் ஏறிப் பட்டரவாக்கம் போனேன்.

ஆவடிப் பக்கம் போகிற பிளாட்பாரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. வேலை விட்ட கூட்டம் நிரம்பியிருந்தது. நான் மூச்சுவாங்க நின்று, தாமதத்தைச் சொல்லி, போனை அவர் கையில் திணித்தேன்.

"அவங்க பேசினாங்கண்ணே. நீங்க போனப்புறம்தான் அவங்களுக்கு வந்துச்சு. படிங்க."

அவர் படிக்க ஆரம்பித்தார். மேலே போய், முதல் வரியிலிருந்து. படிக்கப் படிக்க முகம் என்னென்னவோ ஆனது. பிறகு வாய்விட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தார். "இல்லம்மா, வெளாட்டு இல்ல." "திட்டு நைனா, நல்லா திட்டு, உனக்கு உரிமை கீது." "உன் கடையும்தான்பா. இன்னா பண்றது." ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் யாரோடோ வீடியோ காலில் பேசுகிறார் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டார்கள். கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பும் இருந்தது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒரு வண்டி வந்து போனது. அவர் ஏறவில்லை.

கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் நின்றது. நான் குனிந்து பார்த்தேன். பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னால் வந்தது. யாரோ புதுப் பெயர். நான் அதுவரை படித்ததில்லை.

"நான் எப்பவும் பார்த்துக்கிட்டு மட்டும்தான் இருப்பேன். எழுதினதில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இனிமே சனிக்கிழமை நீங்க யார்கூட அண்ணாத்தே பேசுவீங்க?"

அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இதுக்கு டைப் பண்ண முடியாதா?" என்று என்னிடம் கேட்டார்.

"மூடிட்டாங்கண்ணே. படிக்கத்தான் முடியும்."

தலையாட்டினார். போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கேமராவைப் பார்த்துப் பேசுகிற அதே நிதானத்தோடு, "யாரும் இல்ல" என்றார்.

சொல்லிவிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த வண்டியின் விளக்கு வளைவில் தெரிந்தது. கூட்டம் நகர்ந்தது. நான் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வண்டியும் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.